கிரயம் மண்ணுக்கா, தண்ணீருக்கா?

(பண்ணை ஒலிபரப்பில் வேளாண் விரிவாக்க அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)



கிராமங்களுக்குப் போகும்போது உரம், பூச்சிமருந்து பற்றிக் கேட்கிறவர்களோடு, நிலம் வாங்குவதைப் பற்றிக் கேட்கிறவர்களும் இப்போது அதிகமாகி வருகிறார்கள். "ஐயா, நகையா வாங்கி வைக்கிறதுக்கும் பாங்கில போட்டு வைக்கிறதுக்கும், நல்ல போர் இருக்கிற தோட்டமாப் பார்த்து ரெண்டு ஏக்கர் வாங்கிப் போட்டா தேவலையா? குத்தகைக்கு விட்டா வருஷ வரும்படி வரும், நிலமும் விலை ஏறிக்கிட்டே இருக்கும்" என்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

இதற்கு ஒரு சரித்திரத்தைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். அது நம் ஊர்ச் சரித்திரம் இல்லை, அமெரிக்கச் சரித்திரம். அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும் என்று நினைக்காதீர்கள். கிணற்றுப் பாசன நிலத்தை முதலீடாக வாங்கி, விற்று, லாபமும் நஷ்டமும் பார்த்த அனுபவம் அங்கே எழுபது எண்பது வருஷத்துக்கு இருக்கிறது. நிலத்தடி நீர் மட்டம் எவ்வளவு இறங்கியது, நிலம் என்ன விலைக்குப் போனது என்பதையெல்லாம் வருஷா வருஷம் எழுதியும் வைத்திருக்கிறார்கள்.

அமெரிக்காவின் நடுப்பகுதியில் வடக்கே தெற்கு டகோட்டா தொடங்கித் தெற்கே டெக்சாஸ் வரை ஒரு பெரிய மேட்டுச் சமவெளி இருக்கிறது. மரம் குறைவு, காற்று அதிகம். தெற்கே லப்பக் நகரை ஒட்டிய இடங்களில் ஆண்டு மழை சுமார் 19 அங்குலம்தான். நம் கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கரிசல் காட்டு விவசாயிக்கு அது புதுசாகத் தோன்றாது. இந்தச் சமவெளியின் அடியில் மணலும் கூழாங்கல்லுமாக ஒரு நீர்த்தாங்கி இருக்கிறது. எட்டு மாநிலங்களில் ஏறத்தாழ நாலரை லட்சம் சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டைப் போல மூன்று மடங்குக்கும் மேல் பரந்து கிடக்கிறது. 1898ல் டார்டன் என்ற நிலவியலாளர் நெப்ராஸ்காவிலுள்ள ஒரு சிற்றூரின் பெயரால் இதற்கு ஓகலாலா என்று பெயர் வைத்தார்.

1862ல் வந்த குடியேற்றச் சட்டத்தின்படி, குடியேறி உழுகிறவர்களுக்கு ஆளுக்கு 160 ஏக்கர் அரசு கொடுத்தது. அந்தச் சமவெளிக்கும் ஆள் போனார்கள். காற்றாலை வைத்து மாட்டுக்கும் வீட்டுக்கும் தண்ணீர் எடுத்தார்கள். பயிருக்கு வானம்தான் கதி. நல்ல மழை பெய்த வருஷங்களில் புல்லை எல்லாம் உழுது கோதுமை போட்டார்கள். 1930களில் மழை பொய்த்தது. மேல்மண் தூசியாகப் பறந்தது. 1935 ஏப்ரல் 14ஆம் தேதி பகலை இருட்டாக்கிய தூசிப் புயலை இன்றும் கறுப்பு ஞாயிறு என்று சொல்கிறார்கள். வீடு வாசலை விட்டுவிட்டுப் போனவர்கள் ஏராளம். அன்றைக்கு அந்த நிலத்தை முதலீடு என்று ஒருவர் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

காலடியில் தண்ணீர் இருப்பது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. எடுக்கத்தான் வழி இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஆழத்திலிருந்து இறைக்கும் டர்பைன் பம்பும், அதை ஓட்ட மோட்டார்கார் எஞ்சினும், எரிக்க மலிவான இயற்கை வாயுவும் ஒன்று சேர்ந்தன. அதோடு பிராங்க் சைபாக் என்ற விவசாயி ஒரு கருவியைச் செய்து 1952ல் காப்புரிமை வாங்கினார். நிலத்தின் நடுவில் கிணறு. அதிலிருந்து சக்கரம் வைத்த கோபுரங்களின் மேல் ஒரு நீளக் குழாய். குழாய் கடிகார முள் மாதிரி தானே சுற்றிக்கொண்டு மழைபோலத் தெளிக்கும். 160 ஏக்கர் சதுரத்தில் சுமார் 130 ஏக்கர் நனைந்துவிடும். மூலைகள் மட்டும் காய்ந்து கிடக்கும். விமானத்தில் போகிறவர்களுக்குக் கீழே பச்சைத் தட்டுகளை வரிசையாக அடுக்கி வைத்ததுபோல் தெரியுமே, அதுதான். மடை திறக்க, வாய்க்கால் வெட்ட ஆள் வேண்டாம். மேடு பள்ளம் சமன் செய்யவும் வேண்டாம்.

மக்காச்சோளம், பருத்தி, சோளம் என்று வரிசையாக விதைத்து நடுவில் களை எடுக்க இடம் விடும் பயிர்களை அங்கே வரிசைப் பயிர் என்பார்கள். மானாவாரியில் கோதுமைக்கும் மேய்ச்சலுக்குமே திண்டாடிய நிலத்தில் இந்த வரிசைப் பயிர்கள் ஏறி நின்றன. 1949ல் இந்த நீர்த்தாங்கியின் மேல் பாசனம் பெற்றது சுமார் 21 லட்சம் ஏக்கர். 1980ல் அது சுமார் 137 லட்சம் ஏக்கர் ஆகிவிட்டது. முப்பது வருஷத்தில் ஆறு மடங்குக்கு மேல். நிலத்தின் விலையும் அதோடு ஏறியது என்று சொல்லத் தேவையில்லை.

இங்கேதான் ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்தவரை நிலம் வாங்குகிற எவரும் தெரிந்துகொள்ள வேண்டிய வழக்கு இது. டெக்சாஸ் மேட்டுச் சமவெளியில் ஷர்பெட் என்ற விவசாயி வருமான வரித்துறையிடம் ஒரு கணக்கு காட்டினார். "எண்ணெய்க் கிணறு வைத்திருப்பவருக்கு, எண்ணெய் எடுக்க எடுக்கச் சொத்து குறைகிறது என்று வரியில் கழிவு தருகிறீர்கள். என் நிலத்துக்கு அடியில் உள்ள தண்ணீரும் அப்படித்தான். மழையால் அது ஊறுவது சொற்பம். நான் கிரயம் கொடுத்தபோது அந்தத் தண்ணீருக்கும் சேர்த்துத்தான் கொடுத்தேன். வருஷா வருஷம் அது தீர்ந்துகொண்டு வருகிறது. எனக்கும் கழிவு கொடுங்கள்" என்பது அவர் வாதத்தின் சாரம். லப்பக்கில் 1951ல் ஏற்பட்ட நிலத்தடி நீர்ப் பாதுகாப்பு மாவட்டம் அவருக்குத் துணை நின்றது. அரசு எதிர்த்தது. 1965ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஷர்பெட் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கழிவை எப்படிக் கணக்கிடுவது? நிலத்தை வாங்கிய நாளில் அதே மண்ணுள்ள பக்கத்து மானாவாரி நிலம் என்ன விலை, அதற்கு மேல் இவர் எவ்வளவு கொடுத்தார் என்று பார்ப்பார்கள். அந்த வித்தியாசம்தான் தண்ணீரின் கிரயம். அப்புறம் அந்த வருஷம் எத்தனை அடி மட்டம் இறங்கியது என்று பார்த்து, அதற்கு ஈடான பங்கைக் கழிப்பார்கள். மட்டம் இறங்கியதைக் காட்டும் படத்தை நீர் மாவட்டமே போட்டுக் கொடுத்தது. ஆக, ஒரே பத்திரத்தில் எழுதிய ஒரே கிரயத்துக்குள் இரண்டு சொத்து இருக்கிறது, அதில் ஒன்று தேய்கிறது என்று நீதிமன்றமே ஒப்புக்கொண்டாயிற்று. நம் நாட்டில் விவசாய வருமானத்துக்கு வருமான வரி கிடையாது, அதனால் இப்படி ஒரு கழிவும் கிடையாது. கழிவு இல்லை என்பதால் தேய்மானமும் இல்லை என்று ஆகிவிடாது.

இந்தத் தீர்ப்பு வந்த பிறகாவது வாங்குகிறவர்கள் கவனமாக இருந்திருப்பார்கள் என்று நினைப்பீர்கள். நடந்தது வேறு. 1972ல் சோவியத் நாடு அமெரிக்காவிலிருந்து பெருமளவில் தானியம் வாங்கியது. தானிய விலை ஏறியது. விலைவாசியும் ஏறியது. கையில் பணத்தை வைத்திருப்பதைவிட மண்ணாக வைத்திருப்பது மேல் என்ற எண்ணம் நகரத்துக்காரர்களுக்கும் வந்தது. 1970ல் அமெரிக்கப் பண்ணை நிலம் சராசரியாக ஏக்கர் 196 டாலர். 1982ல் 823 டாலர். விவசாயிகள் கையிலிருந்த நிலத்தை அடமானம் வைத்துப் பக்கத்து நிலத்தை வாங்கினார்கள். விலை ஏறிவிட்டதால் வங்கியும் கேட்டதற்கு மேலேயே கடன் கொடுத்தது.

வெளியார் பணமும் வந்தது. 1977ல் சிகாகோவின் கான்டினென்டல் இல்லினாய்ஸ் வங்கியும் மெரில் லிஞ்ச் நிறுவனமும் சேர்ந்து, தொழிலாளர் ஓய்வூதிய நிதிகளின் பணத்தைத் திரட்டிப் பண்ணை நிலம் வாங்க ஒரு திட்டம் போட்டன. நிலத்தைக் குத்தகைக்கு விடுவது, வரும்படியை நிதிக்குச் சேர்ப்பது என்பது யோசனை. இன்று நம் ஊரில் கேட்கிற அதே யோசனைதான், அளவுதான் பெரிது. விவசாயிகள் கொதித்தெழுந்தார்கள். நாடாளுமன்றக் குழு விசாரித்தது. திட்டத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். நெப்ராஸ்காவில் புருடென்ஷியல் என்ற காப்பீட்டு நிறுவனம் பெருமளவில் நிலம் வாங்கிச் சுழல் பாசனம் போட்டது. அங்கே 1982ல் பொதுமக்கள் வாக்கெடுப்பு நடத்தி, குடும்பத்துக்கு வெளியேயுள்ள கம்பெனிகள் பண்ணை நிலம் வாங்கக் கூடாது என்று மாநில அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். அந்தச் சட்டம் 2006ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் செல்லாமல் போனது வேறு கதை.

வரிச் சலுகையைக் கணக்குப் பார்த்து வந்த முதலீட்டாளர்கள் நெப்ராஸ்காவின் மணற்குன்றுப் பகுதியிலும் சுழல் பாசனம் போட்டார்கள். தண்ணீர் அங்கே நிறைய இருந்தது. ஆனால் மண்? புல்லின் வேர்தான் அந்த மணலைப் பிடித்து வைத்திருந்தது. அதை உழுது மக்காச்சோளம் போட்டார்கள். கட்டுப்படியாகாமல் விட்டுவிட்டுப் போன இடங்களில் காற்று மணலைக் கிளப்பிக் குழி பறித்தது. தண்ணீரைப் பார்த்து மண்ணைப் பார்க்காமல் வாங்கியதற்கு அது சாட்சி.

தெற்கே டெக்சாசில் வேறு விதமாக அடி விழுந்தது. 1973க்குப் பிறகு எண்ணெய் விலையும், அதையொட்டி இயற்கை வாயு விலையும் ஏறின. மட்டம் இறங்கிப் போன கிணற்றிலிருந்து ஒவ்வொரு அடி கூடுதலாக இறைக்கவும் செலவு ஆனது. தண்ணீர் இன்னும் அடியில் இருந்தது, ஆனால் அதை எடுக்கிற செலவுக்குப் பருத்தி விலை ஈடு கொடுக்கவில்லை. டெக்சாஸ் மேட்டுச் சமவெளியில் 1974ல் சுமார் 60 லட்சம் ஏக்கராக இருந்த பாசனப் பரப்பு 1989ல் சுமார் 40 லட்சமாகச் சுருங்கியது. பாசன நிலம் என்று வாங்கியவர் மானாவாரி நிலத்துக்குச் சொந்தக்காரராக நின்றார். இந்த இடத்தில் நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் விவசாய மின்சாரம் 1990 முதல் எல்லா விவசாயிகளுக்கும் இலவசம். அது பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் கிணறு நூறு அடி இறங்கினாலும் மின்கட்டணத்தில் ஒரு ரூபாய் கூடாததால், டெக்சாஸ்காரருக்கு வாயுக் கட்டணம் கொடுத்த எச்சரிக்கை நமக்குக் கிடைப்பதில்லை. போர் திடீரென்று காற்றைத் துப்பும்போதுதான் தெரிகிறது.

அப்புறம் வட்டி. 1979 முதல் அமெரிக்க மத்திய வங்கி விலைவாசியை அடக்கப் பணத்தை இறுக்கியது. 1980 டிசம்பரில் வங்கிகள் தங்கள் முதல்தர வாடிக்கையாளருக்கே 21½ சதவீத வட்டி போட்டன. நிலம் சரியத் தொடங்கியது. 823 டாலராக இருந்த சராசரி 1987ல் 599. வளமான மண்ணுக்குப் பேர்போன அயோவா மாநிலத்தில், மழையை நம்பியே மக்காச்சோளம் விளைகிற இடத்தில், 1981ல் ஏக்கர் 2,147 டாலராக இருந்தது 1986ல் 787 டாலர். மண்ணும் மழையும் அப்படியேதான் இருந்தன. கடன்தான் மூழ்கடித்தது.

அயோவாக்காரர் காத்திருந்தால் விலை மீண்டும் ஏறும், ஏறியும் விட்டது. ஓகலாலாவில் வாங்கியவருக்கு அந்த ஆறுதலும் முழுசாக இல்லை. நியூ மெக்சிகோ மாநிலப் பல்கலைக்கழகப் பொருளாதாரவாதிகள், இந்த நீர்த்தாங்கியின் மேல் நடந்த நில விற்பனைகளை எடுத்து, பாசன நிலத்தையும் மானாவாரி நிலத்தையும் ஒப்பிட்டு 1990ல் வெளியிட்டார்கள். பாசனப் பண்ணையின் கிரயத்தில் 30 முதல் 60 சதவீதம் வரை தண்ணீருக்கானது என்று கண்டார்கள். 1979க்கும் 1986க்கும் இடையில் அந்தத் தண்ணீரின் சந்தை மதிப்பே 30 முதல் 60 சதவீதம் வீழ்ந்திருந்தது.

இதை நம் கணக்கில் போட்டுப் பார்ப்போம். இது நானாகக் கற்பனையாக வைத்துக்கொண்ட விலை, உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். போர் உள்ள தோட்டம் ஏக்கர் 20 லட்சம் கேட்கிறார்கள். பக்கத்தில் அதே மண், அதே பாதை வசதி, ஆனால் மானாவாரி, 12 லட்சம். அப்படியானால் தண்ணீரின் கிரயம் 8 லட்சம். இந்தப் போர் இன்னும் 20 வருஷம் தாங்கும் என்று வைத்தால், வருஷத்துக்கு 40 ஆயிரம் ரூபாய் தண்ணீர்ச் சொத்து கரைகிறது. குத்தகை 45 ஆயிரம் வருகிறது என்று சந்தோஷப்படுகிறவர், உண்மையில் 5 ஆயிரம்தான் சம்பாதிக்கிறார். மீதி அவர் போட்ட முதலே திரும்பி வருகிறது. பத்து வருஷம்தான் தாங்கும் என்றால்? வருஷம் 80 ஆயிரம் கரையும். அப்போது குத்தகை வாங்குவது நஷ்டத்தைத் தவணையில் வாங்குவது. நிலம் வீட்டுமனை விலைக்கு ஏறும் என்று நம்பி வாங்குகிறவருக்கு இந்தக் கணக்கு வேண்டாம். அவர் விவசாய நிலம் வாங்கவே இல்லை.

போர் எத்தனை வருஷம் தாங்கும் என்பது உங்கள் கையில் மட்டும் இல்லை என்பதுதான் சங்கடம். டெக்சாசில் 1904ல் ஒரு தீர்ப்பு. டெனிசன் என்ற ஊரில் ஒரு ரயில்வே கம்பெனி, எஞ்சின்களுக்குத் தண்ணீர் எடுக்க 20 அடி அகலத்தில் 66 அடி ஆழக் கிணறு வெட்டி, நாளைக்கு 25,000 காலன் இறைத்தது. பக்கத்தில் ஈஸ்ட் என்பவரின் வீட்டுக் கிணறு வற்றிப் போயிற்று. அவர் வழக்குப் போட்டார். தன் நிலத்தில் கிணறு வெட்டி வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளும் உரிமை நிலச் சொந்தக்காரருக்கு உண்டு, கம்பெனி நஷ்டஈடு தர வேண்டாம் என்று மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இது இங்கிலாந்திலிருந்து வந்த பழைய சட்டக் கொள்கை. நம் நாட்டில் 1882ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டமும் அதே வேரிலிருந்து வந்ததுதான். அதனால் பக்கத்துத் தோட்டக்காரர் 800 அடி போட்டால் உங்கள் 400 அடிப் போருக்கு என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. பல ஊர்களில் பார்த்தாகிவிட்டது.

டெக்சாசில் இன்னொன்றும் உண்டு. அங்கே நிலத்தை வைத்துக்கொண்டு அடித் தண்ணீரின் உரிமையை மட்டும் தனியாக விற்கலாம். பூன் பிக்கன்ஸ் என்ற எண்ணெய்ப் பிரமுகர் ராபர்ட்ஸ் மாவட்டப் பக்கம் இப்படித் தண்ணீர் உரிமைகளை வாங்கிக் குவித்தார். 2011ல் சுமார் 2 லட்சத்து 11 ஆயிரம் ஏக்கரின் தண்ணீர் உரிமையை, பல நகரங்களுக்குக் குடிநீர் கொடுக்கும் ஒரு வாரியத்துக்கு 10 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்றார். அங்கே பண்ணை வாங்குகிறவர் பத்திரத்தில் மண்ணோடு தண்ணீரும் சேர்ந்திருக்கிறதா என்று வில்லங்கம் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒரே நீர்த்தாங்கி என்றாலும் எல்லா இடமும் ஒன்றல்ல. அதிலுள்ள தண்ணீரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நெப்ராஸ்காவின் அடியில் இருக்கிறது. பாசனம் தொடங்கிய காலத்திலிருந்து 2015 வரை நீர்த்தாங்கி முழுவதற்கும் சராசரி இறக்கம் சுமார் 16 அடி. இதைக் கேட்டால் பெரிசாகத் தோன்றாது. ஆனால் டெக்சாசில் மட்டும் எடுத்தால் 40 அடிக்கு மேல். மிக மோசமான கிணற்றில் 234 அடி. நெப்ராஸ்காவில் சராசரி ஏறத்தாழ பழைய இடத்திலேயே நிற்கிறது. அங்கே மண்ணும் மழையும் கைகொடுத்தன என்பது ஒரு பாதி. 1972ல் ஆற்று வடிநிலம் வாரியாக இயற்கை வள மாவட்டங்களை அமைத்து, அந்தப் பகுதி வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் குழுவிடம் தண்ணீர்க் கட்டுப்பாட்டைக் கொடுத்தார்கள் என்பது மறு பாதி.

தண்ணீர் நிலைக்கும் என்ற நம்பிக்கை இருந்தால் விலை எங்கே போகும் என்பதற்கு வேறு மாநிலத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. வாஷிங்டன் மாநிலத்தில் மழை மிகக் குறைந்த ஒரு வறண்ட மேட்டில், கொலம்பியா ஆற்றுத் தண்ணீரில் உருளைக்கிழங்கும் மக்காச்சோளமும் விளையும் சுமார் 14,500 ஏக்கர் பண்ணையை, 2018ல் பில் கேட்ஸின் முதலீட்டு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 17 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கினார்கள். விற்றது ஒரு காப்பீட்டு நிறுவனம். ஏக்கர் கிட்டத்தட்ட 11,800 டாலர். ஆறு இல்லையென்றால் அது மேய்ச்சல் காடு.

கான்சாஸ் மாநிலத்தின் வடமேற்கில் ஷெரிடன் மாவட்ட விவசாயிகள் செய்ததையும் சொல்ல வேண்டும். வாங்கிப் போட்ட நிலத்தின் ஆயுளை நீட்ட முடியுமா என்று பார்த்தவர்கள் அவர்கள். 99 சதுர மைல் பரப்பில், தாங்களே கூடிப் பேசி, 2013லிருந்து ஐந்து வருஷத்துக்கு ஏக்கருக்கு மொத்தம் 55 அங்குலம்தான் இறைப்பது என்று முடிவு செய்து, அதற்கு அரசின் சட்ட அங்கீகாரமும் வாங்கினார்கள். ஓர் ஏக்கரில் ஓர் அங்குலம் என்றால் சுமார் ஒரு லட்சம் லிட்டர். பழைய உபயோகத்தில் 20 சதவீதம் குறைப்பு இது. ஒரு வருஷம் கூடுதலாக எடுத்தால் அடுத்த வருஷம் குறைத்துக்கொள்ளலாம் என்று வைத்தது நல்ல யோசனை. மக்காச்சோளத்தைக் கொஞ்சம் குறைத்துச் சோளத்துக்கு மாறினார்கள், மண்ணில் ஈரம் பார்த்துப் பாய்ச்சினார்கள். விளைச்சல் சற்றுக் குறைந்தது, செலவும் குறைந்தது. எல்லைக்கு வெளியே இஷ்டத்துக்கு இறைத்தவர்களோடு ஒப்பிட்டதில் இவர்கள் வரும்படி குறைவாக இல்லை. ஐந்து வருஷம் முடிந்ததும் தாங்களே மறுபடி நீட்டித்துக்கொண்டார்கள்.

கான்சாசில் ஒவ்வொரு ஜனவரியிலும் சுமார் 1,400 கிணறுகளில் மட்டம் அளந்து வெளியிடுகிறார்கள். நிலம் வாங்குகிறவர் அதைப் பார்த்துவிட்டுத்தான் விலை பேசப் போவார். நம் மாநிலத்திலும் நீர்வளத் துறை கண்காணிப்புக் கிணறுகளில் மட்டம் அளக்கிறது. பிர்கா வாரியாக, பாதுகாப்பானது, ஓரளவு அபாயம், அபாயம், அளவுக்கு மீறி எடுக்கப்பட்டது என்று வகை பிரித்தும் வைத்திருக்கிறார்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் அந்தப் பட்டியலில் நிலம் இருக்கும் பிர்கா எந்த வகையில் வருகிறது என்று பாருங்கள். போரின் ஆழத்தை மட்டும் கேட்காமல், சித்திரை வைகாசியில் தொடர்ந்து எத்தனை மணி நேரம் ஓடுகிறது, அதே நிலத்தில் இதற்கு முன் எத்தனை போர் போட்டுக் கைவிட்டார்கள் என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். தை மாசத்தில் தோட்டம் காட்டுகிறவரிடம், சித்திரையில் வந்து இன்னொரு முறை பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.